டேக்கும் ஸ்கிரிப்டும்

வீட்டு வரவு செலவை உரைநடையில் எழுதிவைத்தால், கூட்டிப் பார்ப்பவர் திகைப்பார். வழக்கொன்றின் நியாயத்தைக் கட்டம் கட்டமாக அடைத்து எழுதினால், படிப்பவர் நகைப்பார். பொருளுக்கு ஏற்ற நடை வேண்டும் என்பது எழுத்தின் பொது விதி. கணிப்பொறிக்கு எழுதும் கட்டளைகளுக்கும் இவ்விதி எங்ஙனம் பொருந்துகிறது என்பதை இன்று ஆராய்வோம்.

நாம் கேட்கும் வலைப்பக்கங்களிற் பலவற்றை, தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணிப்பொறி, தரவுத்தளத்தைப் பார்த்து அந்நேரத்திலேயே ஆக்கி அனுப்புகிறது. ஆக்குவதற்குரிய கட்டளைகளை இருவகை நடையில் எழுதலாம். ஒன்று டேக் நடை. கூர்முனைக் குறிகளுக்கு இடையே கட்டளையை அடைத்து, பக்கத்தின் நடுவிலேயே பதிப்பது இது. மற்றொன்று ஸ்கிரிப்ட் நடை. கட்டளைகளை வரிவரியாக, காரண காரியத் தொடர்பு விளங்க எழுதிச் செல்வது இது.

இவற்றின் வரலாறு சுவையானது. 1995-இல் அமெரிக்காவில் ஜே. ஜே. அல்லேர் என்பவர் கோல்ட்ஃப்யூஷன் என்னும் கருவியை உருவாக்கினார். பக்கம் அமைக்க மட்டுமே அறிந்தவரும் தரவுத்தளத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஆதலின் கட்டளைகள் டேக்குகளாகவே அமைந்தன. ஆனால் கணக்கு நீண்டபோது டேக்குகள் சுமையாயின. 1998-இல் வந்த நான்காம் பதிப்பில் ஸ்கிரிப்டும் இடம்பெற்றது. 1999-இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜே.எஸ்.பி.யின் கதை இதற்கு நேர்மாறானது. அங்கே பக்கத்தின் ஊடே ஜாவா நிரலை நுழைத்து எழுதினர். பக்கமும் நிரலும் பின்னிப் பிணைந்து சிக்கலாகவே, 2002-இல் பொதுவான டேக் தொகுதியொன்றை வகுத்தனர். ஆக, டேக்கில் தொடங்கியது ஸ்கிரிப்டை நாடிற்று. ஸ்கிரிப்டில் தொடங்கியது டேக்கை நாடிற்று.

இவற்றுள் விரைவானது எது என்று கேட்கத் தோன்றும். 2002-இல் வந்த பதிப்பு முதல், கோல்ட்ஃப்யூஷன் இருவகை எழுத்தையும் ஜாவா பைட்கோடாகவே மாற்றிக்கொள்கிறது. பொறிக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடெல்லாம், அதனைப் படித்துத் திருத்தவேண்டிய மனிதனுக்குத்தான்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். திருச்சி மாநகரின் குப்பை பல்லாண்டுகளாக வந்து குவிந்த கிடங்கு அரியமங்கலத்தில் உள்ளது. அங்கு வரும் லாரிகளின் எடையை மாதவாரியாகக் காட்டும் பக்கமொன்றை ஒரு மாணவர் அமைக்கிறார் என வைத்துக்கொள்வோம். நாள், லாரி எண், எடை என வரிசை வரிசையாகக் காட்டும் பகுதிக்கு டேக்கே தக்கது. பக்கம் எவ்வாறு தோன்றும் என்பது எழுத்தைப் பார்த்த அளவிலேயே புலப்படும்.

ஆனால் பாரத்தோடு நின்ற எடையிலிருந்து வெறும் லாரியின் எடையைக் கழிக்கவேண்டும். வெறும் எடை மிகுதியாகப் பதிவாகியிருப்பின், அப்பதிவை ஒதுக்கவேண்டும். பின்னரே மாத மொத்தம் காணவேண்டும். இச்சிந்தனையை டேக்குகளுக்கு இடையே சிதறவிட்டால், தவறொன்று நேரும்போது அதனைக் கண்டுபிடிப்பது அரிது. இதனை ஸ்கிரிப்டில் தனியே எழுதிவைத்தல் நன்று. குப்பைமேட்டின் அருகே வாழ்வோர் அந்த மொத்தத்தை நம்பியே தம் முறையீட்டை எழுதக்கூடும். ஆகவே, பிறர் சரிபார்க்க இயலாத கணக்கு அவர்க்குத் துணையாகாது.

பாதுகாப்பும் கருதத்தக்கது. பிறர் எழுதிய குறிப்பை அவ்வாறே பக்கத்தில் இட்டால், அதனுள் ஒளிந்த தீய கட்டளை பார்ப்பவரின் கணிப்பொறியில் இயங்கக்கூடும். ஜே.எஸ்.பி.யின் பொதுத் தொகுதியில், வெளியிடுவதற்கென உள்ள டேக், கூர்முனைக் குறி முதலியவற்றைத் தானாகவே தீங்கற்ற எழுத்தாக மாற்றிவிடும். ஜாவா நிரலைக்கொண்டு நேரே வெளியிடுவோர் இதனைத் தாமே நினைவிற்கொண்டு செய்யவேண்டும்.

எனவே, மாணவர்களே, தோற்றம் மேலோங்கும் இடத்தில் டேக்கையும், சிந்தனை மேலோங்கும் இடத்தில் ஸ்கிரிப்டையும் கொள்ளுங்கள். ஒரே பத்தியில் இரண்டையும் கலவாதீர்கள். பலர் கூடிச் செய்யும் பணியாயின், முறையை முன்னரே பேசி முடிவுசெய்து, அனைவரும் அதன்படியே எழுதுங்கள். நீங்கள் எழுதியதை நாளை முன்பின் அறியாத ஒருவர் திருத்த நேரும். அவர் உங்களைத் தேடிவராமலே பொருளை உணர்ந்துகொள்வாராயின், நீங்கள் தேர்ந்த நடை நன்னடையே.