வாழைக்கு மணிச்சத்து ஊட்டும் வேர் உட்பூசணம்

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லுக்குப் பின் வாழை வைக்கும் வயல்கள் ஏராளம். நடவின்போது சூப்பர் பாஸ்பேட்டைக் குறைவின்றி இட்டும் கன்று தேறவில்லை என்பது பலரது குறை. காரணம், இட்ட மணிச்சத்தில் பெரும்பகுதி அந்தப் பயிருக்குக் கிட்டுவதில்லை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் சுண்ணாம்போடும், செம்மண்ணில் இரும்போடும் அது பிணைந்துவிடுகிறது. தழைச்சத்தைப்போல் நீரோடு நகர்ந்து வேரை அடைவதும் அரிது. வேரைச் சுற்றிச் சில மில்லிமீட்டருக்குள் உள்ளது தீர்ந்ததும் பயிருக்குப் பற்றாக்குறைதான்.

இக்குறையைப் போக்க உதவுவது வேர் உட்பூசணம். பூசணம் என்றதும் அஞ்ச வேண்டாம். வாடல் நோய்ப் பூசணம் வேறு, இது வேறு. இது வேருக்குள் குடியிருந்து, நூலினும் மெல்லிய இழைகளைச் சில சென்டிமீட்டர் தூரம் மண்ணில் பரப்பி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் வேருக்குக் கொண்டுவருகிறது. கூலியாகப் பயிர் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பெறுகிறது. வேரும் பூசணமும் கூடி வாழும் இவ்வகை உறவுக்கு 1885-ல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய அறிஞர் பிராங்க்.

எங்கே தேவை?

இப்பூசணத்துக்குக் காற்றோட்டம் வேண்டும். காரும் பிசானமுமாக நீர் தேங்கிய வயலில் இது குறைந்துவிடும். திசு வளர்ப்பு வாழைக்கன்றோ கிருமி நீக்கிய சூழலில் வளர்வதால் இப்பூசணம் இன்றியே வருகிறது. இவ்விரு நிலைகளிலும் வெளியிலிருந்து இடுவது நலம். பிசான அறுவடைக்குப் பின் உளுந்து விதைத்தால் அதன் வேரிலும் பூசணம் பெருகும்.

இடும் முறை

பையில் வளரும் கன்றுக்கு 5 முதல் 10 கிராம், நடவின்போது கன்றுக்கு 20 கிராம் போதும். வேருக்கு அடியில் படும்படி குழியில் இட வேண்டும். மேலே தூவினால் பயனில்லை. வேர் அதைத் தொட்டால்தான் உள்ளே புகும். உயிருள்ள வேரில் வளர்த்துத் தயாரிக்கப்படும் பொருளாதலால், காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வெயில் படாமல் வைக்கவும்.

கவனிக்க வேண்டியவை

மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் பயிர் இப்பூசணத்தை ஏற்பது குறையும். எனவே மண் பரிசோதனைப்படி உரமிடவும். பூசணம் மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, எடுத்துத் தருகிறது. ஆதலால் உரத்தை அடியோடு நிறுத்தவும் கூடாது. பூசணக்கொல்லியை வேரில் ஊற்றினால் இதுவும் மடியக்கூடும். வாடல் நோய்க்கு இது மருந்தல்ல.

முதல் ஆண்டில் ஒரு வரிசைக்கு மட்டும் இட்டு, அடுத்த வரிசையை இடாமல் விட்டு, தார் எடையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலும் விவரங்களைக் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியில் கேட்டறியலாம்.