கண்டுபிடிப்புக்கும் பட்டா உண்டு

பட்டா இல்லாத நிலத்தில் பாடுபடுவது எப்படி இருக்கும் என்று கல்வராயன் மலை மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. தலைமுறை தலைமுறையாக உழுத மலையாளிப் பழங்குடிகளின் கையில் காகிதம் இல்லை. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்த பிறகும், மனுவோடு அலைபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கீழே சமவெளியில் 1892 அரசாணைப்படி தரப்பட்ட பஞ்சமி நிலத்தின் கதை இன்னும் மோசம். அங்கே காகிதம் இருந்தும் நிலம் கைமாறிப் போனது.

நிலத்துக்குப் பட்டா போல, புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கும் அரசு ஒரு பட்டா தருகிறது. அதுதான் காப்புரிமை. பேடன்ட் என்றால் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, உரியவரின் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யவோ விற்கவோ கூடாது. நிலத்தின் எல்லையை சர்வேயர் அளப்பது போல, இந்த உரிமையின் எல்லையை எழுத்தில் அளந்து கொடுப்பவர் காப்புரிமை முகவர். அவரே வக்கீலாகவும் இருந்தால் காப்புரிமை வழக்கறிஞர். நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போகலாம் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

இந்தியாவில் இப்படி உரிமை கேட்டு வந்த முதல் மனு எதற்காகத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்காக. 1856-ல் கல்கத்தாவில் இருந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்ற இன்ஜினியர் கொடுத்த மனு அது. துரைமார் வீட்டுக் கூரையில் தொங்கிய துணி விசிறியைக் கயிறு பிடித்து மணிக்கணக்கில் இழுத்தவர்கள் எப்படிப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்திருப்பார்கள் என்று இந்தப் பகுதியைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். கயிறு இழுத்தவர் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. டிபென்னிங் பெயரிலான நிறுவனம் இன்று சென்னையிலிருந்து இதே காப்புரிமைத் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது.

இந்த வேலையில் உண்மையில் என்ன செய்கிறார்கள்? நம் மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை எடுத்துக்கொள்வோம். சின்னசேலத்துப் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கிழங்குத் தோல் சீவும் இயந்திரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பத்தில் 'இரும்புக் கத்தி' என்று அவரே எழுதிவிட்டால், அடுத்த ஊர்க்காரர் கத்திக்குப் பதிலாக நைலான் தூரிகையை மாட்டி, 'இது வேறு இயந்திரம்' என்று விற்றுவிடலாம். 'தோலை நீக்கும் சுழலும் பகுதி' என்று எழுதினால் எல்லை விரிகிறது. ரொம்ப விரித்தாலும் ஆபத்து. ஏற்கெனவே யாரோ செய்து வைத்திருக்கும் இயந்திரத்தின் மேல் போய் இடிக்கும், அலுவலகம் நிராகரித்துவிடும். எனவே முகவர் முதலில் உலகமெங்கும் உள்ள பழைய காப்புரிமைகளைத் தேடிப் படிப்பார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எடை போட்டு எழுதுவார். அறிவியலும் தெரிய வேண்டும், வாக்கியமும் பிடிபட வேண்டும்.

மாணவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. இயந்திரம் ஓடியதும் யூடியூபில் போட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கப் போகாதீர்கள். ஊர் அறிந்த பொருள் சட்டத்தின் கண்ணில் புதியது இல்லை. முதலில் தற்காலிக விவரக்குறிப்பு கொடுத்து நாளைப் பதிவு செய்யலாம். முழு விவரம் கொடுக்க அதிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. தனிநபருக்கு ஆன்லைனில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். பிறகு ஆய்வுக் கட்டணம் 4,000 ரூபாய். முகவருக்குத் தருவது இதற்கு மேல். அதுதான் கையைக் கடிக்கும். நம்மவர்களில் முகவர்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் காணிப் பழங்குடிகளின் அனுபவம். 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குள் போன கேரள விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டியாகச் சென்ற காணிகள், களைப்புத் தெரியாமல் நடந்தார்கள். என்ன ரகசியம் என்று கேட்டபோது அவர்கள் காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள ஆராய்ச்சி நிறுவனம் அதைக் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. 10 லட்சம் ரூபாயும் விற்பனையில் 2 சதவீதமும் விலை. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளையும் அமைந்தது. உலகம் பாராட்டிய ஏற்பாடு. ஆனால் காப்புரிமை காணிகளிடம் இல்லை. எங்களைக் கேட்கவே இல்லை என்று வருந்திய காணிகளும் உண்டு. ஒப்பந்தம் எழுதிய மேசையில் அவர்கள் பக்கம் சட்டம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் பங்கு வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் இதைவிடக் கொடுமை நடந்தது. நெட் என்ற கறுப்பின அடிமை பருத்தி வயலுக்கு ஒரு கருவி செய்தார். அவருடைய முதலாளி அதற்குக் காப்புரிமை கேட்டார். அடிமையின் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடையாது என்று 1858-ல் அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். அடிமைக்கும் இல்லை, முதலாளிக்கும் இல்லை.

அதே நாட்டில், அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பெற்றோருக்கு 1848-ல் பிறந்தவர் லூயிஸ் லாட்டிமர். பாஸ்டனில் ஒரு காப்புரிமை வக்கீல் அலுவலகத்தில் வாரம் 3 டாலர் சம்பளத்துக்கு எடுபிடி வேலை. வரைபடம் போடுபவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே கற்றுக்கொண்டு, அங்கேயே தலைமை வரைபடக்காரர் ஆனார். கிரஹாம் பெல்லின் டெலிபோன் காப்புரிமைக்குப் படம் வரைந்தவர் அவர்தான். மின்விளக்கின் கார்பன் இழை செய்யும் முறைக்கு 1882-ல் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கினார். பிறகு எடிசன் கம்பெனியின் சட்டப் பிரிவில் நிபுணராக வேலை பார்த்தார்.

இங்கே வழி என்ன? காப்புரிமை முகவராகச் சட்டப் படிப்பு கட்டாயமில்லை. பலருக்கும் தெரியாத செய்தி இது. இந்தியக் குடிமகனாக, 21 வயது நிரம்பி, அறிவியல் அல்லது பொறியியல் பட்டம் பெற்றிருந்தால் தகுதித் தேர்வு எழுதலாம். பி.எஸ்சி. வேதியியல் போதும். இரண்டு தாள்கள், ஒன்று காப்புரிமைச் சட்டம், மற்றொன்று விவரக்குறிப்பு எழுதுவது. பிறகு நேர்முகத் தேர்வு. நீதிமன்றத்தில் வாதாட வேண்டுமானால்தான் சட்டம் படித்து வக்கீலாகப் பதிவு செய்ய வேண்டும். தென்மாநிலங்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது.

அரசு வேலையே வேண்டும் என்பவர்களுக்குக் காப்புரிமை ஆய்வாளர் பணி உண்டு. 2023-ல் 553 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள். தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். மத்திய அரசுப் பணி என்பதால் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு பொருந்தும். பொறியியல் பட்டமோ அறிவியல் முதுகலையோ தேவை.

ஆங்கிலம் தடையாக நிற்கும், மறைக்கவில்லை. தேர்வும் விண்ணப்பமும் பெரும்பாலும் ஆங்கிலம். ஆனால் இது மேடையில் பேசும் ஆங்கிலம் இல்லை. ஒரே மாதிரி வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். படிக்கப் படிக்கப் பிடிபடும்.

மலை மாணவர்கள் கவனிக்க இன்னொன்று. பாரம்பரிய அறிவை யாரும் தன் கண்டுபிடிப்பாகப் பதிவு செய்ய முடியாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(பி) பிரிவு. மஞ்சளுக்கு அமெரிக்காவில் 1995-ல் கொடுத்த காப்புரிமையை இந்தியா எதிர்த்து 1997-ல் ரத்து செய்ய வைத்தது. கடுக்காயோ மூலிகையோ, நம் பாட்டி கைவைத்தியத்தைக் கொண்டுபோய் ஒருவர் இங்கே விண்ணப்பித்தால், காப்புரிமை வழங்குவதற்கு முன் யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். வந்த விண்ணப்பங்களின் விவரம் காப்புரிமை அலுவலக இதழில் வெள்ளிக்கிழமைதோறும் இணையத்தில் வெளியாகிறது. படிக்கக் காசு இல்லை. வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்து, இந்த வாரத்து இதழைத் திறந்து பாருங்கள்.