மல்லாட்டை இலையின் இரண்டு பச்சை

எங்கள் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வரப்பில் நின்றபடியே மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்து, "இந்தச் சாலுல வேற வெதை கலந்திருக்கு, பார்டா" என்று கை காட்டுவாள். நானும் பார்ப்பேன். எனக்கு எல்லாமே பச்சையாகத்தான் தெரியும். அவள் இறங்கிப் போய் ஒரு செடியைப் பிடுங்குவாள், பக்கத்துச் செடியிலிருந்து ஒரு இலையைக் கிள்ளுவாள், இரண்டையும் என் உள்ளங்கையில் வைப்பாள். அப்போதுதான் தெரியும்: ஒன்று கிளிப்பச்சை, சற்று அகலம். மற்றது கறுத்த பச்சை, சின்னது. 1970-களில், திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே, கூட்டேரிப்பட்டுப் பக்கத்துச் செம்மண் கொல்லையில் எனக்கு நடந்த முதல் தாவரவியல் வகுப்பு அது.

நிலக்கடலை, வேர்க்கடலை என்பதெல்லாம் எங்கள் பக்கம் பாடப்புத்தகத்தோடு சரி. எங்களுக்கு அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாக்கொட்டையாகி, இன்னும் தேய்ந்து மல்லாட்டை ஆனது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்து விலைப்பலகையில் இன்றைக்கும் 'மணிலா' என்றுதான் எழுதுகிறார்கள். பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைச் சுமந்தாலும் அதன் பூர்வீகம் அதுவல்ல. தென் அமெரிக்காவில் பொலிவியாவை ஒட்டிய நிலம் அதற்குத் தாய்வீடு. எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறையில் இறங்கியதோ, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தென்னாற்காட்டுச் செம்மண் முழுக்க அது பரவியிருந்தது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாக பிரான்சின் மார்சேய் நகருக்குப் போனது. அங்கே எண்ணெயானது, சோப்பானது. எங்கள் ஊர்க் கொல்லைக்கும் பிரெஞ்சுக்காரன் குளியலறைக்கும் இப்படி ஒரு உறவு இருந்திருக்கிறது.

அந்தக் காலத்தில் விதை என்பது போன வருஷம் வீட்டில் எடுத்து வைத்ததுதான். இல்லாவிட்டால் வியாபாரி கொடுத்தது. ஒரே கொல்லையில் கொடியும் இருக்கும், குத்தும் இருக்கும். கொடி மல்லாட்டை தரையோடு படர்ந்து ஓடும். இலை சின்னதாக, கரும்பச்சையாக இருக்கும். விளைய நாலு மாசத்துக்கு மேல் ஆகும். குத்து மல்லாட்டை நிமிர்ந்து நிற்கும். வெளிர் பச்சை இலை. மூணரை மாசத்தில் பிடுங்கிவிடலாம். தாவரவியல்காரர்கள் முன்னதை வர்ஜீனியா வகை என்றும் பின்னதை ஸ்பானிஷ் வகை என்றும் சொல்வார்கள். வர்ஜீனியாவில் நடுத்தண்டில் பூ வராது, ஸ்பானிஷில் வரும். இதையெல்லாம் குனிந்து பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்க்கக் குனிய வேண்டியதில்லை. கொல்லைக்காரருக்கு நிறம்தான் முதல் அடையாளமாக இருந்ததற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அந்த அடையாளத்துக்குப் பின்னால் காசும் இருந்தது. குத்து வகை விதைக்கு உறக்கம் கிடையாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். கொடி வகை மண்ணுக்குள் தூங்கும், மழைக்கு அசையாது. ஆனால் அதைக் கையால் பிடுங்க முடியாது. காய்கள் கொடி போன இடமெல்லாம் சிதறிக் கிடக்கும், கொத்திப் பொறுக்க வேண்டும், கூலி ஏறும். இரண்டும் கலந்து நின்றால்? ஒன்று விளைந்திருக்கும், மற்றது பிஞ்சாக இருக்கும். எந்த நாளில் பிடுங்கினாலும் பாதி நஷ்டம். ஆயாவின் கண் அழகுக்காகப் பச்சை பிரித்துப் பழகியதல்ல.

இந்தக் கலப்பைப் பிரித்தெடுக்கும் வேலையில்தான் திண்டிவனம் பேர் வாங்கியது. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-ல் இரண்டு ரகங்களைக் கொடுத்தது: டி.எம்.வி. 1, டி.எம்.வி. 2. அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைக் குறிப்பவை. முதலாவது மேற்கு ஆப்பிரிக்காவின் சலூம் வகையிலிருந்து தேர்ந்தெடுத்த கொடி. இரண்டாவது குடியாத்தம் குத்துக் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஒட்டுக் கட்டியதல்ல, கூட்டத்திலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி, ஒரே மாதிரி இருப்பவற்றின் விதையைச் சேர்த்துப் பெருக்கியது. பொறுக்குவதற்குக் கண்ணைத் தவிரப் பெரிய கருவி எதுவும் இல்லாத காலம். செடி நிற்கும் விதம், இலையின் அளவு, பச்சையின் ஆழம், காயின் மூக்கு என்று ஆயா பார்த்ததைத்தான் அவர்களும் பார்த்தார்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார்கள் என்பது மட்டும் வித்தியாசம்.

டி.எம்.வி. 2 செய்த பயணம் எங்கள் ஊர்க்காரர் பலருக்குத் தெரியாது. ஆந்திராவிலும் கர்நாடகாவிலும் வறண்ட நிலமெல்லாம் அது ஏறியது. அரை நூற்றாண்டு கடந்தும் அங்கே அதை விடாமல் விதைத்தார்கள். இங்கே எங்கள் ஊரில் 1967-ல் வந்த டி.எம்.வி. 7-க்கு மவுசு கூடியபோது, அனந்தபூர்க்காரர் 'திண்டிவனம் ரெண்டு' விதைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது பொருட்காட்சி என்று ஒன்று உண்டு. சந்தையோ தேரோ கூடுமிடத்தில் வேளாண்மைத் துறை ஒரு கீற்றுப் பந்தல் போடும். மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, வேரோடு பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளை வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு அட்டை. மதியத்துக்குள் இலை துவண்டுவிடும், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார் ஒருவர். எங்கள் மாமா அந்தப் பந்தலில் அட்டைகளைப் படிக்க மாட்டார். செடியைத் தூக்கி இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். அதிகாரி, "ஐயா, தொடாதீங்க" என்பார். "தொடாம என்னாத்த பாக்கறது?" என்பார் மாமா.

சமீபத்தில் அமெரிக்கக்காரர்களின் ஒரு வழக்கத்தைப் பற்றிப் படித்தபோது மாமா ஞாபகம் வந்தது. அங்கே ஹோஸ்டா என்று ஒரு நிழல் செடி. ஜப்பான், கொரியா, சீனாவிலிருந்து போனது. பூவுக்கு மதிப்பில்லை, இலைக்குத்தான் மதிப்பு. ஆளுக்கொரு இலையை அறுத்துக் கொண்டுவந்து கண்காட்சியில் வைப்பார்கள். குட்டி, சிறிது, நடுத்தரம், பெரிது, ராட்சதம் என்று அளவில் ஒரு பிரிவு. பச்சை, நீலம், மஞ்சள், ஓரத்தில் கரை கட்டியது, நடுவில் வெளுத்தது என்று நிறத்தில் இன்னொரு பிரிவு. அந்த நீலம்கூட இலையின் நிறமல்ல, மேலே படிந்த மெழுகுப் பூச்சு. வெயில் ஏற ஏறப் பச்சையாகிவிடும். குளிரில் தூங்கி எழ வேண்டிய செடி. விழுப்புரத்து மே மாதத்தில் ஒரு வாரம் தாங்காது. ஆனால் இலையைக் கையில் வைத்துக்கொண்டு 'இது எந்த வகுப்பு?' என்று சண்டை போடும் அந்த மனிதர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எங்கள் களத்து மேட்டு ஆட்கள்தான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவே.

ஒரு பட்டத்தில் எங்களுக்கே கலப்பு விதை வந்து சேர்ந்தது. வீட்டு விதை பூச்சி அரித்துப் போனதால் அவசரத்துக்கு ஒரு கடையில் வாங்கினோம். முப்பதாம் நாள் கொல்லை பூராவும் இரண்டு பச்சை. ஆயா கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவில்லை. நாலு பெண்களை இறக்கி, கரும்பச்சையை எல்லாம் பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். விதைச் சான்றுத் துறை இதற்கு 'கலவன் நீக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறது. சான்று பெற்ற மல்லாட்டை விதைப்பயிரில் ஆயிரம் செடிக்கு இரண்டுக்கு மேல் கலவன் இருக்கக்கூடாது. ஆதார விதை என்றால் ஒன்றுக்கு மேல் கூடாது. அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் கொல்லை எந்தக் கணக்கிலும் வராது.

இலை நோய்க்கும் சாட்சி சொல்லும். மஞ்சள் வளையம் கட்டிய பழுப்புப் புள்ளி என்றால் முன் இலைப்புள்ளி. வளையமில்லாத கறுப்பு என்றால் பின் இலைப்புள்ளி. இரண்டுக்கும் சேர்த்து ஊரில் டிக்கா என்று பேர். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்துக் குறை. ஆடி மழைக்குப் பிறகு கம்பளிப்புழு இறங்கினால் இலையே இருக்காது, வகைப்படுத்த ஒன்றும் மிஞ்சாது. அது வராமலிருக்க, மழை பெய்த இரவுகளில் ஊர் கூடிக் கொல்லை ஓரத்தில் தீ மூட்டி அந்துப்பூச்சியை வரவழைத்துக் கொளுத்தியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிறுவர்களுக்கு அது தீபாவளி.

இப்போது என்ன நடக்கிறது? ஆயாவின் வேலையை ஒரு சட்டம் செய்கிறது. 2001-ல் வந்த பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி, ஒரு ரகத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் அது மற்றதிலிருந்து வேறுபட வேண்டும், தனக்குள் ஒரே சீராக இருக்க வேண்டும், தலைமுறை மாறினாலும் நிலைத்திருக்க வேண்டும். வேறுபாட்டை எப்படிக் காட்டுவது? படிவத்தில் இலை வருகிறது. சர்வதேச விவரப் பட்டியலில் மஞ்சட்பச்சை, வெளிர் பச்சை, பச்சை, கரும்பச்சை, நீலப்பச்சை என்று கட்டங்கள். நடுத்தண்டில் நன்றாக விரிந்த மூன்றாவது இலையை எடுத்து, அதன் நுனிச் சிற்றிலையை மில்லிமீட்டரில் அளந்து, பத்துச் செடிகளின் சராசரி போட வேண்டும். மல்லாட்டை இலை ஒற்றை இலையல்ல, இரண்டு ஜோடியாக நாலு சிற்றிலை. எந்தச் சிற்றிலை என்று சொல்லாவிட்டால் ஆளுக்கொரு அளவு வரும்.

'கரும்பச்சை' என்பதற்கு ஆயாவிடம் அட்டை கிடையாது. பூச்செடிக்காரர்களுக்கு உண்டு. லண்டனின் அரச தோட்டக்கலைச் சங்கம் 1966-ல் ஒரு வண்ண அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. உலகம் முழுக்க ரோஜாவின் சிவப்பும் குரோட்டன் இலையின் மஞ்சளும் அதில் ஓர் எண்ணாகின்றன. எங்கள் பக்கத்து நெல்காரரிடமும் ஒரு அட்டை வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் பட்டையில் வெளிரிலிருந்து கறுத்த பச்சை வரை, எண் போட்ட பச்சைகள். நெல் இலையை அதன்மேல் வைத்து, தன் உடம்பு நிழலில் மறைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னி என்றால் 3, மற்ற ரகம் என்றால் 4. பத்து இலையில் ஆறு அதற்குக் கீழே வெளுத்திருந்தால் யூரியா போடு. அட்டை வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் பரணில் போட்டுவிட்டு, பக்கத்து வயலைப் பார்த்துத்தான் யூரியா போடுகிறார்கள். பக்கத்து வயல்தான் அவர்களுக்கு வண்ண அட்டை.

திண்டிவனத்து இலைக்கு எதிர்பாராத இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. 1980-களில் டி.எம்.வி. 2 விதையை ஒரு வேதிப்பொருளில் நனைத்து மாற்றியபோது, குறுகிய இலையோடு ஒரு செடி முளைத்தது. மரபுப் பின்னணி தாயோடு கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் இலை ஒல்லி. பின்னாளில் கர்நாடகாவின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் தாயையும் இந்தக் குறுகிலைப் பிள்ளையையும் ஒட்டுக் கட்டி, அதன் சந்ததிகளை வைத்து எந்த மரபணுப் பகுதி எந்தக் குணத்தை ஆள்கிறது என்று தேடினார்கள். 2019-ல் பயிரிடப்படும் மல்லாட்டையின் முழு மரபணு வரிசையும் வெளியானது. வகை தெரிய இனிக் கொல்லையில் இறங்க வேண்டியதில்லை. ஒரு துளி இலை போதும், அதுவும் அரைத்துக் கரைத்தபிறகு. பச்சையா வெளிரா என்று சோதனைக் குழாய் கேட்காது.

இன்றைக்கு விலை வைக்கும் குணமோ இலையில் தெரிவதே இல்லை. ஒலியிக் அமிலம் மிகுந்த கடலை இதயத்துக்கு நல்லது, எண்ணெயும் சீக்கிரம் கசந்து போகாது என்று 2020-ல் கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்கள் வந்தன. பக்கத்தில் சாதாரணச் செடி நின்றால் ஆயாவே வந்தாலும் இலையை வைத்து எண்ணெயைச் சொல்ல முடியாது. விழுப்புரம் பக்கம் கதிரி 1812 வந்திருக்கிறது, தரணி வந்திருக்கிறது. இரண்டும் ஆந்திரத்து ரகங்கள். திண்டிவனத்திலிருந்து விதை போன திசையிலிருந்தே இப்போது விதை வருகிறது. கொடி மல்லாட்டையை எங்கள் ஊரில் பார்த்துப் பல வருஷம் ஆகிறது. அதைக் கொத்திப் பொறுக்க ஆளில்லை. கரும்பச்சை போனபின் வெளிர் பச்சையை 'வெளிர்' என்று சொல்ல யாருக்கும் தேவையில்லை. அது வெறும் பச்சை ஆகிவிட்டது. நிறைய கொல்லைகள் சவுக்காகவும் தர்பூசணியாகவும் மனைக்கல்லாகவும் மாறிவிட்டன.

என் தம்பி மகன் இலையை மொபைலில் படம் பிடிக்கிறான். செயலி டிக்கா என்கிறது, மருந்துப் பேரும் சொல்கிறது. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறது. நான் குறை சொல்ல மாட்டேன், ஆயாவும் சில சமயம் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். "பெரியப்பா, இது என்ன ரகம்னு மட்டும் இதுக்குத் தெரியல" என்றான் போன பட்டத்தில். நான் ஒரு இலையைக் கிள்ளி அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஒப்பிட இன்னொரு இலை வேண்டுமே என்று கொல்லை முழுக்க நடந்தேன். எல்லாம் ஒரே பச்சை.

அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மல்லாட்டை இலைக்கு ஒரு பழக்கம் உண்டு, வெளிச்சம் இறங்கினால் நாலு சிற்றிலையும் ஜோடி ஜோடியாக ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஆயா, "போதும், கண்ணு தெரியல" என்று கரையேறுவாள். தம்பி மகன் மூடிய இலையை ஒருமுறை படம் பிடித்துப் பார்த்தான். செயலி, தெளிவான படம் கொடுக்கச் சொன்னது. இருவரும் கரையேறினோம்.