வெளியில் நிற்கும் வைஸ்

வீட்டுக்குள் இடமில்லை, வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸ் ஒன்றைக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் எல்லோரும் அடுத்து கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, மழை பேஞ்சா என்ன பண்றது?" டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். மழைக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். மழை சொல்லிவிட்டு வருகிறது, பெய்து ஓய்ந்தால் நமக்குத் தெரிகிறது. வெளியே போய்ப் பனியன் வேஸ்டால் ஒரு துடை துடைத்தால் பாதி வேலை முடிந்தது. வைஸைத் தின்பது நாம் தூங்கும்போது வந்து, நம் கண் படாத இடுக்கில் உட்கார்ந்துகொள்ளும் ஈரம்தான். அதைக் காய விட்டால் வைஸ் பிழைக்கும். காய விடாமல் அடைத்தால், மேலே கூரையே போட்டிருந்தாலும் துருப்பிடிக்கும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரியான கடலோர ஊர்களை மனதில் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கோயம்புத்தூர்க்காரர்கள் இதில் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

இரும்பு துருப்பிடிக்க அதன்மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். துரு வேகமெடுக்க அது போதும். கடலோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி காற்று அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறது. இதில் உப்பு வேறு சேர்கிறது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடு என்று ஒன்று உண்டு. ஈரப்பதம் 33 சதவீதம் இருந்தாலே அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரைந்துவிடும். அடுப்படியில் கல்லுப்பு ஜாடி கசிவதும் அதனால்தான். கடற்காற்று கொண்டுவந்து வைஸின்மேல் தூவும் உப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. நமக்கு வறண்டதாகத் தெரியும் பகலில்கூட அந்த இரும்பு நனைந்தே இருக்கிறது.

அடுத்தது பனி. வைஸ் கனமான இரும்பு. ஆறு அங்குல வைஸை ஒரு ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்க முடியும். மார்கழி, தை இரவுகளில் வானம் தெளிந்திருந்தால், திறந்தவெளியில் இருக்கும் இரும்பு தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். காலையில் காற்று சூடேறும்; ஆனால் அவ்வளவு கனமான இரும்பு உடனே சூடேறாது. அந்த நேரத்தில் ஈரக்காற்று அதன்மேல் பட்டால் முத்து முத்தாக நீர் கோக்கும். ஆறரை மணிக்குப் போய் வைஸின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். முந்தின நாள் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் விரல் நனையும்.

இது புரிந்துவிட்டால், எல்லோரும் முதலில் செய்கிற காரியம் ஏன் தவறு என்பதும் புரியும். பழைய ஃப்ளெக்ஸ் பேனரை எடுத்து வைஸைச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். பேனருக்கு நம் ஊரில் பஞ்சமே இல்லை. யாராவது ஒரு தலைவர் சிரித்தபடி வைஸைக் காவல் காப்பார். ஆனால் மண்தரையிலிருந்து எழும் ஈரமும், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் இரவில் உள்பக்கத்திலேயே சொட்டும். ஒரு வாரம் மழை பெய்து அப்படியே கட்டி வைத்திருந்தால், பேனரை அவிழ்க்கும்போது புழுக்க வாடையே வரும். அதைவிட ஒன்றுமே போடாமல் வெயிலில் விடுவது மேல்.

மூட வேண்டும், கட்டக்கூடாது. நீல நிற பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்துக் கவிழ்த்துப் போடுங்கள். சின்ன வைஸ் என்றால் அளந்து பார்த்துப் பெரிய பெயின்ட் வாளியைக்கூட வைக்கலாம். அடியில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். பெஞ்சின்மேல் இரண்டு ரீப்பர் கட்டைகளை வைத்து அவற்றின்மேல் டிரம்மை உட்கார வைத்தால் காற்று சுற்றி வரும். புயல்காற்றுக்குப் பறக்காமல் இருக்க மேலே ஒரு செங்கல். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா என்று கேட்பார்கள். அடி திறந்த டிரம்முக்குள் அது ஊர்க்காற்றையே உலர்த்தப் பார்க்கும், ஒரே நாளில் தீர்ந்துபோகும். மின்சாரம் எட்டுகிற இடமென்றால் குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்றை உள்ளே எரிய விடுவது உண்மையிலேயே வேலை செய்யும். இரும்பு காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தால் பனி படியாது, அவ்வளவுதான். வெளியிடத்து வயரிங் என்பதால் எலக்ட்ரீஷியன் கையால் செய்தால் மட்டும்.

மேலே ஒரு தகரக் கூரை இருந்தால் நல்லதுதான். கடலோரத்தில் அதற்கும் ஒரு விலை உண்டு. திறந்த வெளியில் உப்பை மழை கழுவிவிடும். கூரைக்கு அடியில் கழுவ யாரும் இல்லை, உப்பு மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் ஜன்னல் கம்பியைக் கவனியுங்கள். மழை படும் இடத்தைவிட சன்ஷேடுக்கு அடியில் ஒதுங்கிய இடம் மோசமாக அரித்திருப்பதைப் பார்க்கலாம். ஆகவே கூரைக்கடியில் இருக்கும் வைஸை அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவத்தான் வேண்டும். துருப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு நீங்களே தண்ணீர் ஊற்றச் சொல்கிறீர்களே என்றால், ஆமாம், சொல்கிறேன். வெயில் நன்றாக ஏறிய பிறகு கழுவி, துடைத்து, காய வைத்து, எண்ணெய் காட்டுங்கள். உப்புக்கரிக்கும் போர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம்.

வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்கலாம். அடி சுழலும் வைஸ் பார்க்க அழகு, வேலைக்கும் வசதி. ஆனால் சுழல்வதற்காக அடியில் இரண்டு தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். நடுவில் போன நீர் வெளியே வராது. வெளியில் நிரந்தரமாக நிற்கப்போகிற வைஸுக்கு அடி அசையாத ரகமே சரி. நிறுத்துவதற்குக் கனமான இரும்புக் குழாயைக் கான்கிரீட்டில் நட்டு, தலையில் தடித்த பிளேட் வெல்டு வைப்பதுதான் சுலபம். கான்கிரீட்டின் மேல்முகத்தைக் குழாயிலிருந்து வெளிப்பக்கம் சரிவாக இழுத்துவிடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குழாய் மண்ணைச் சந்திக்கும் இடத்தில் நீர் தேங்கி, அங்கேதான் முதலில் ஓட்டை விழும். தெரு நாய்களுக்கும் அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், அதனால் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குப் பெயின்ட்டை இன்னொரு கோட் தாராளமாக அடியுங்கள். மரப் பலகையில் மாட்டுவதானால் பலகைக்கும் வைஸுக்கும் நடுவில் கிரீஸையாவது தாரையாவது பூசிவிட்டு இறுக்குங்கள். நனைந்த மரம் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து, போல்ட்டை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். போல்ட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். பிற்பாடு கழற்ற வேண்டி வரும்போது அந்தக் கூடுதல் காசின் அருமை தெரியும்.

பெயின்ட் விஷயத்தில் ஒரு வேடிக்கை. துருப்பிடிக்காமல் இருக்க நாம் முதலில் அடிக்கும் ரெட் ஆக்சைடு இருக்கிறதே, அதன் சிவப்பே இரும்பு ஆக்சைடுதான். துருவின் உறவுக்காரப் பொருள். புது வைஸில் கம்பெனி அடித்து அனுப்பும் பெயின்ட் பல சமயம் காட்சிக்குத்தான். உடலை மட்டும் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடியுங்கள். நகரும் தாடை வழுக்கிப் போகும் முகங்கள், ஸ்பிண்டில் என்கிற மரைத் தண்டு, தாடைகளின் முகத்தில் மாட்டிய ஜா பிளேட் மூன்றிலும் பெயின்ட் படக்கூடாது. அங்கெல்லாம் எண்ணெய்தான்.

எந்த எண்ணெய் என்பதில்தான் ஆளுக்கொரு சித்தாந்தம். தேங்காய் எண்ணெய் நாளாவட்டத்தில் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். வண்டியிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஓசியில் கிடைக்கிறதென்று பூசுகிறார்கள். எரிந்த ஆயிலில் அமிலமும் கசடும் உண்டு, தினம் கையில் பட்டால் தோலுக்கும் கெடுதல். டபிள்யூடி-40 ஸ்பிரேயைப் பலரும் சர்வரோக நிவாரணி போலப் பயன்படுத்துகிறார்கள். 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில் அது பிறந்ததே ஈரத்தை விரட்டத்தான். பெயரில் உள்ள டபிள்யூடி என்பது நீரை இடம்பெயர்ப்பது என்ற பொருளில் வைத்தது, 40 என்பது நாற்பதாவது முயற்சி. நனைந்த வைஸின்மேல் அடித்து நீரை வெளியேற்ற அருமையான சாமான். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிப் போய், மெல்லிய படலம்தான் மிஞ்சும். அதன்மேல் வேறு எண்ணெய் தடவாமல் அதை மட்டும் நம்பி ஐப்பசி மழையைக் கடக்க முடியாது.

நான் சொல்வது இரண்டு விதம். பெரும்பாலான வைஸ்களில் நகரும் தாடையின் உடல் அடிப்பக்கம் திறந்த பள்ளமாக இருக்கும், அதற்குள்தான் ஸ்பிண்டில் ஓடும். மேலிருந்து மழை அங்கே நேராக விழாது. ஆகவே மரைக்குக் கிரீஸ் பூசலாம். மெல்லியதாக, மரையின் வடிவம் தெரிகிற அளவுக்குத்தான். அப்பிவிட்டால் மண்ணும் அரத்தூளும் அதில் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் மரையை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். திறந்த முகங்களுக்குக் கிரீஸே வேண்டாம். இயந்திர எண்ணெயைத் தடவி, லேசாகத் துடைத்து விட்டால் போதும். கடல் ரொம்பப் பக்கமென்றால் தேன்மெழுகைச் சூடு காட்டி உருக்கி, வெயிலில் சூடான இரும்பின்மேல் தேய்க்கலாம். அதில் மண் ஒட்டாது.

வேலை முடிந்ததும் தாடைகளை மூடி வையுங்கள். ஆனால் இறுக்காதீர்கள், ஒரு விரல் நுழையும் இடைவெளி விடுங்கள். முட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு ஜா பிளேட்டுக்கு நடுவில் போன நீர் லேசில் காயாது. கைப்பிடி செங்குத்தாகத் தொங்கட்டும், இருட்டில் முழங்காலில் இடிக்காது. குளவி ஒன்று உண்டே, மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும், அதற்கு வைஸின் ஓட்டைகளென்றால் கொள்ளைப் பிரியம். இரண்டு வாரம் கவனிக்காமல் விட்டால் ஸ்பிண்டில் நுழையும் வாயை மண்ணால் அடைத்திருக்கும். அந்த மண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது தெரியாமல் கைப்பிடியைச் சுற்றினால் மண் மரைக்குள் போகும். ஒரு பழைய ஆக்ஸா பிளேடால் முதலில் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை முழுசாகக் கழற்றத்தான் வேண்டும். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது: ஆயுத பூஜை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். பூஜை அதற்குச் சற்று முன்போ அதை ஒட்டியோ வந்துவிடும். ஸ்பிண்டிலை முழுக்கச் சுற்றி நகரும் தாடையை வெளியே எடுங்கள். கடைசி மரை விடும்போது அது பொத்தென்று காலில் விழும், ஒரு கை கீழே இருக்கட்டும். டீசலில் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, உள்ளே இருக்கும் நட்டையும் துடையுங்கள். ஜா பிளேட் ஸ்குரூக்களைக் கழற்றி, கிரீஸ் தொட்டுத் திரும்ப மாட்டுங்கள். வைஸில் முதலில் பிடித்துக்கொள்வது அந்த ஸ்குரூக்கள்தான். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் பிளேட்டுக்குப் பின்னால் துரு சேர்ந்தால் பிளேட்டையே வெளியே தள்ளும். பூஜைப் பொட்டைப் பெயின்ட் அடித்த இடத்தில் வையுங்கள். ஜா பிளேட்டின்மேல் ஈரச் சந்தனம் வைத்தால், மறுநாள் அந்த வட்டத்துக்கு அடியில் துரு தெரியும்.

ஏற்கெனவே துருப்பிடித்ததை எடுக்க பாத்ரூம் ஆசிட் பக்கமே போகாதீர்கள். அதன் ஆவி பட்டே பக்கத்தில் இருக்கும் அரமும் சுத்தியலும் பழுப்பாகும். இரும்பின் நுண்ணிய ஓட்டைகளில் தங்கிய குளோரைடு பிறகும் அரிக்கும். முடிந்த அளவு சுரண்டிவிட்டு, போகாத துருவுக்குக் கடையில் கிடைக்கும் ரஸ்ட் கன்வெர்டர் தடவலாம். அதில் பல ரகங்களில் டானிக் அமிலம் இருக்கிறது. துருவோடு சேர்ந்து கறுப்பாகக் கெட்டிப்படும். கடுக்காயில் இருப்பதும் அந்த வகைச் சத்துதான். கலம்காரித் துணியில் கடுக்காய் ஊறிய இடத்தில் இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் பட்டால் கறுப்பு ஏறுகிறதே, அதே வேதியியல். பெயின்ட் அடிக்கும் இடங்களுக்கு மட்டும் இது, மரைக்கு வேண்டாம்.

மாதத்துக்கொரு தடவைதான் வைஸைத் தொடுவீர்கள் என்றால் இத்தனை பாடே வேண்டாம். குழாயின் தலையிலுள்ள பிளேட்டில் வைஸை விங் நட் போட்டு மாட்டுங்கள், வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் கட்டிலுக்கடியில் தள்ளிவிடலாம். கடல் அலை காதில் விழும் தூரத்தில் வீடு என்றால் இதுதான் வழி.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வீட்டு வைஸ் போன வருஷமே இறுகிப்போச்சே" என்று யாராவது சொல்வார்கள். கைப்பிடியில் நீளமான பைப்பை நுழைத்துத் தொங்காதீர்கள். கைப்பிடி வளையும், இல்லையென்றால் வார்ப்பிரும்பு உடலே தெறிக்கும். வெல்டிங் கடைக்காரர் காஸ் டார்ச்சை நீட்டினாலும் வேண்டாம். வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் சூடேற்றினால் விரிசல் விடும். ஸ்பிண்டில் உள்ளே போகும் வாயிலும், பின்பக்கத்திலும், அடிப்பள்ளத்திலும் ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் மரச் சுத்தியலால் ஸ்பிண்டிலின் தலையை லேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அளவு திருப்பப் பாருங்கள், பிறகு கழற்றும் பக்கம். அசையவில்லையென்றால் மறுபடி எண்ணெய், மறுபடி ஒரு ராத்திரி. ஒரு நூல் அசைந்தால் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டே எண்ணெய் விடுங்கள். நன்றாகச் சுற்ற ஆரம்பித்ததும் சந்தோஷத்தில் வேலையைத் தொடங்கிவிடாமல், அன்றைக்கே முழுசாகக் கழற்றி மரையைக் கழுவிவிடுங்கள். உதிர்ந்த துருவெல்லாம் இன்னும் நட்டுக்குள்தான் இருக்கும்.