ஈரி ஏரியும் மானியக் கணக்கும்

2014 ஆகஸ்ட் 2. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள டொலீடோ நகரில் பொழுது விடிவதற்குள் ஓர் அறிவிப்பு வந்துவிட்டது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் இந்த நஞ்சு அப்படிப் போகாது. தண்ணீர் ஆவியாக ஆவியாக அது இன்னும் செறிவாகும். ஈரி ஏரியில் படர்ந்த நீலப்பச்சைப் பாசியிலிருந்து வரும் மைக்ரோசிஸ்டின், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி வந்திருந்தது. சுமார் 4 லட்சம் பேர் ஏறத்தாழ மூன்று நாள் பாட்டில் தண்ணீரை நம்பி இருந்தார்கள். அதுவும் உலகின் மாபெரும் நன்னீர் ஏரிகளில் ஒன்றின் கரையில்.

பாசிக்குத் தீனி பாஸ்பரஸ். ஏரியின் மேற்குப் பகுதிக்கு அதைக் கொண்டுவருவதில் முதலிடம் மௌமீ ஆற்றுக்கு. அந்த ஆறு சுமக்கும் பாஸ்பரஸில் ஏறத்தாழ 90 விழுக்காடு ஆலைக் குழாயிலிருந்தோ நகரச் சாக்கடையிலிருந்தோ வருவதில்லை. பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயல்களில் இருந்து, மழையோடு வழிந்து வருகிறது. 1972-இன் தூய நீர்ச் சட்டம் ஆலைகளை உரிமம் வாங்க வைத்தது. வயலில் இருந்து வடியும் மழைநீரை அந்தப் பிடியில் இருந்து விலக்கிவைத்தது. 1987-இல் அதே சட்டத்தில் 319-ஆம் பிரிவு சேர்ந்தபோது அது கொண்டுவந்தது கட்டாயம் அல்ல, மானியம். மத்திய அரசு மாநிலத்துக்குக் கொடுக்கும். மாநிலம் அதை ஆற்றுப் பாதுகாப்புக் குழுக்களுக்கும் மண்வள அமைப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கும். விருப்பமுள்ள விவசாயி வழிந்தோடும் நீரை வடிகட்டக் கரையோரம் புல்பட்டை வளர்ப்பார், மண்ணை மூடிக் காக்க மூடுபயிர் போடுவார். விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்வது எளிது. அது செய்த நல்லதும் உண்டு, ஊர்க்காரர்களை ஒன்றுசேர்த்தது அதில் ஒன்று. ஆனால் மானியம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள்: எத்தனை ஏக்கரில் மூடுபயிர், எத்தனை அடிக்குப் புல்பட்டை. ஏரிக்கு வந்து சேரும் பாஸ்பரஸ் அந்தப் படிவத்தில் எங்கோ ஓரத்தில், பெரும்பாலும் மதிப்பீடாக மட்டுமே இருக்கும்.

ஏக்கர் கணக்கும் பாஸ்பரஸ் கணக்கும் பிரிந்து போனால் என்ன ஆகும் என்பதற்கு மௌமீயே சாட்சி. மண் அரிப்பைத் தடுக்க, உழாமல் விதைக்கும் முறைக்கு 1980-களில் இருந்தே அரசு ஊக்கம் கொடுத்தது. கருவி வாங்க உதவியும் கிடைத்தது. மண் அடித்துச் செல்வது குறைந்தது. மண்ணோடு ஒட்டிப்போகும் பாஸ்பரஸும் குறைந்தது. அறிக்கைகளுக்கு இது வெற்றிதான். ஆனால் ஒஹையோவின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் 1975 முதல் மௌமீ நீரை அளந்துவருகிறது. அந்த அளவீடு வேறு கதை சொன்னது: 1990-களின் நடுப்பகுதிக்குப் பின் நீரில் கரைந்த பாஸ்பரஸ் ஏறத் தொடங்கியது. பாசி அப்படியே விழுங்கக்கூடியது இந்த வகைதான்.

காரணம் ஒன்றல்ல என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். வயலில் நடப்பதை மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அறுவடை முடிந்த பின் உரத்தை மேலாகத் தூவுகிறார்கள். உழவில்லாததால் அது மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. மழை வந்தால் மண்புழுத் துளைகள் வழியாகவும் வெடிப்புகள் வழியாகவும் நேரே கீழிறங்கும். இரண்டு மூன்றடி ஆழத்தில் துளையிட்ட வடிகுழாய் காத்திருக்கிறது. மௌமீ படுகையின் கணிசமான பகுதி ஒருகாலத்தில் சதுப்பு நிலம். அதை வடித்து விளைநிலமாக்கியவை வாய்க்கால்களும் இந்தக் குழாய்களும்தான். குழாயிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து ஆறு. கரையில் மானியத்தில் வளர்ந்த புல்பட்டை பச்சைப்பசேல் என்று நிற்கும். கரைந்த பாஸ்பரஸ் அதற்கு அடியிலேயே போய்விடும்.

2011-இல் ஏரி அதுவரை காணாத பாசி. 2015-இல் அதையும் மிஞ்சியது. அந்த 2015-இலேயே ஒஹையோ, மிச்சிகன், கனடாவின் ஒன்டாரியோ மூன்றும் பாஸ்பரஸை 2008-ஆம் ஆண்டு அளவில் இருந்து 40 விழுக்காடு குறைப்பதாக, 2025-ஐக் கெடுவாக வைத்துக் கையெழுத்திட்டன. 2019-இல் ஒஹையோ அரசு 'எச்2ஒஹையோ' என்ற திட்டத்தை 17.2 கோடி டாலரில் தொடங்கி, உரத்தை மண்ணுக்குள் வைப்பதற்கும் ஊட்டச்சத்துத் திட்டமிடலுக்கும் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. திசை சரிதான். ஆனால் கெடு தவறியது. 2025-இல் அத்திட்டத்தின் ஒதுக்கீட்டையே மாநில அரசு கணிசமாகக் குறைத்தது.

இனி இப்படி ஒரு மானியத் திட்டம் எங்கே வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். அதிகம் கசியும் வயல்கள் எவை, அவற்றுக்குத்தான் பணம் போகிறதா, இல்லை விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கா? ஒப்பந்தம் முடிந்த மறுவருடம் மூடுபயிருக்கு யார் விதை வாங்குவார்? வாய்க்காலில் ஓடும் நீரை, பெருமழை நாட்களிலும், பத்துப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து அளக்க நிதி இருக்கிறதா? மூன்றாவதற்குத்தான் பணம் கிடைப்பது கடினம். அளக்கும் கருவிக்குத் திறப்பு விழா யாரும் வைப்பதில்லை.

மௌமீக்கு 2023-இல் பாஸ்பரஸ் உச்சவரம்பும் வந்துவிட்டது. மாநிலம் தயாரித்தது, மத்திய சுற்றுச்சூழல் முகமை ஒப்புதல் தந்தது. அதில் உரிமம் வாங்க வேண்டிய ஆலைகளுக்கும் கழிவுநீர் நிலையங்களுக்கும் அளவு போட்டாயிற்று. வயல்களின் பங்கு மட்டும் இப்போதும் விவசாயியின் விருப்பத்துக்கும் அந்தந்த ஆண்டு ஒதுக்கும் மானியத்துக்கும் விடப்பட்டிருக்கிறது.