தோன்றாத படம்

வலைப்பக்கம் ஒன்றில் எழுத்துகளெல்லாம் செவ்வனே விளங்க, படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு வெற்றுக் கட்டமும், அதன் மூலையில் கிழிந்த ஓவியம் போன்ற சிறு குறியும் காணப்படுவதுண்டு. இதைக் காண்போர் படம் அழிந்துவிட்டது என்றே பெரும்பாலும் கருதுவர். ஆனால் பல வேளைகளில் படத்துக்கு எத்தகைய கேடும் நேர்ந்திராது. அஃது எங்கோ ஒரு கணிப்பொறியில் நலமாகவே இருக்கும். அதனிடம் செல்லும் வழியே அடைபட்டிருக்கும்.

இதனைத் தெளிவுற உணர வேண்டுமாயின், வலைப்பக்கத்தில் படம் எவ்வாறு இடம்பெறுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அச்சிட்ட நூலில் படம் தாளோடு ஒட்டியே இருக்கும். நூலை எடுத்துச் செல்வோர் படத்தையும் உடன் எடுத்துச் செல்வர். வலைப்பக்கமோ அத்தகையதன்று. 1993 பிப்ரவரியில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்டிரீசன், எழுத்துகளின் நடுவிலேயே படம் தோன்றும்படி ஐ.எம்.ஜி. என்னும் குறியீட்டை முன்மொழிந்தார். அக்குறியீட்டில் அடங்கியிருப்பது படமன்று. படம் உள்ள இடத்தின் முகவரியே. கடிதம் எழுதும் ஒருவர் உறையினுள் நிழற்படத்தை வைக்காமல், “இன்ன ஊரில், இன்ன தெருவில், இன்ன வீட்டுச் சுவரில் என் படம் மாட்டியிருக்கிறது, சென்று காண்க” என்று எழுதியதைப் போன்றது அது. சென்று காணும் வேலையை உலாவி மேற்கொள்கிறது. பக்கத்தைப் படிப்போர் நூறு பேராயின், நூறு உலாவிகள் அவ்வீட்டின் கதவைத் தட்டும்.

இக்காலத்தில் மக்கள் தம் படங்களைப் பெருநிறுவனங்களின் மேகக் கிடங்குகளில் சேர்த்து வைக்கின்றனர். பெயர்தான் மேகம், அவை இருப்பது வானத்தில் அன்று. குளிரூட்டிய கட்டடங்களுள் வரிசை வரிசையாக அடுக்கிய கணிப்பொறிகளே அவை. கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற கிடங்குகள், பொருளைக் காத்து வைப்பதற்கும் வேண்டியவர்க்கு மட்டும் காட்டுவதற்கும் அமைந்தவை. ஊரார் அனைவரும் காணச் சுவரில் மாட்டி வைப்பதற்கு அமைந்தவையல்ல. தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

ஆசிரியர் ஒருவர் இலையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்து, அதனைத் தம் கிடங்கில் சேர்த்து, அதன் முகவரியைப் பாடப் பக்கத்தில் இடுகிறார் எனக் கொள்வோம். அவருடைய கணிப்பொறியில் படம் அழகாகத் தோன்றுகிறது. மாணவர்களோ தமக்கு வெற்றுக் கட்டமே தெரிகிறது என்கின்றனர். அவர் மீண்டும் பார்க்கிறார், படம் இருக்கிறது. யார் கூற்று உண்மை? இருவர் கூற்றும் உண்மையே. ஆசிரியரின் உலாவி அவர் கிடங்கினுள் நுழைந்ததற்கான அடையாளச் சீட்டைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அதனைக் கண்ட காவற்காரன் கதவைத் திறந்துவிடுகிறான். சில வேளைகளில், முன்பு பெற்ற படத்தின் படியொன்றை உலாவி தன்னிடமே சேமித்து வைத்து, அதனையே காட்டுவதும் உண்டு. சீட்டில்லாத மாணவரின் உலாவியோ வாயிலிலேயே நிறுத்தப்படுகிறது. கூகுள் டிரைவில் சேர்க்கும் தனிக் கோப்பு எதுவும், உரியவர் மாற்றியமைக்கும் வரை, அவர் ஒருவர்க்கே உரியதாயிருக்கும். இதனை அறியாது தன் கண்ணில் தெரிவதையே உலகமும் காண்கிறது என்று நம்புவதே இத்துறையில் மிகப் பரவலான பிழை.

ஆகையால் படத்தின் முகவரியைப் படியெடுத்து, உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் இட்டுப் பார்த்தல் முதற் சோதனையாகும். அச்சாளரம் பழைய சீட்டுகளை ஏந்திச் செல்லாது; அயலாரைப் போலவே சென்று கேட்கும். நுழைவுச்சொல் கேட்டால், அனுமதி இல்லை என்பது தெளிவு. 404 என்னும் எண் வந்தால், அம்முகவரியில் அப்பொருள் இல்லை எனக் கொள்ளலாம். படம் தோன்றினும் அதனைச் சுற்றிப் பொத்தான்களும் நிறுவனத்தின் பெயரும் காணப்படுமாயின், அது படத்தின் முகவரியன்று; படத்தைக் காட்டும் மண்டபத்தின் முகவரி. மண்டபத்தைத் தூக்கிவந்து படச்சட்டத்துக்குள் பொருத்த இயலுமோ? டிராப்பாக்ஸ் தரும் முகவரியின் இறுதியில் டி.எல். என்னும் எழுத்துகளை அடுத்துச் சுழி இருப்பின், அவ்வெழுத்துகளுக்கு மாற்றாக ‘ரா’ என்னும் ஆங்கிலச் சொல்லையும், சுழிக்கு மாற்றாக ஒன்றையும் இட்டால் மண்டபம் நீங்கிப் படமே வரும். கூகுள் டிரைவிலும் இவ்வாறு முகவரியைத் திருத்திப் பலர் பயன்படுத்தி வந்தனர். 2024 ஜனவரி முதல் அவ்வழி பலர்க்குப் பயன்படாது போயிற்று. குறுக்கு வழிகளின் ஆயுள் அவ்வளவே!

வேறு சில காரணங்கள் சிறியவை. கோப்பின் பெயரில் பெரிய எழுத்தைச் சிறிய எழுத்தாக இட்டாலும் பல வழங்கிகள் அதனை வேறு கோப்பாகவே கொள்ளும். 2017 முதல் ஐபோன்கள் எடுக்கும் ஹெய்க் வகைப் படங்களைப் பல உலாவிகள் காட்டா. அவற்றை ஜேபெக் வகைக்கு மாற்றுதல் வேண்டும். காப்புடைய பக்கத்தில் காப்பற்ற முகவரி இருந்தாலும் உலாவி தடுக்கலாம்.

படம் தனியே திறக்கிறது, பக்கத்தில் மட்டும் தோன்றவில்லை என்றால், அது வழங்கி வேண்டுமென்றே இட்ட தடையாயிருக்கலாம். படம் கேட்டு வரும் உலாவி, தான் எப்பக்கத்திலிருந்து வருகிறது என்பதையும் வழக்கமாக அறிவிக்கும். அவ்வறிவிப்பின் ஆங்கிலப் பெயரில் இரண்டு ‘ஆர்’ வரவேண்டிய இடத்தில் ஒன்றே உள்ளது. 1996இல் வெளிவந்த விதிநூலிலேயே புகுந்த அவ்வெழுத்துப் பிழை இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. அயற்பக்கத்திலிருந்து வருவோர்க்குப் படம் தரலாகாது என வழங்கி முடிவு செய்தால், அப்பக்கத்தில் படம் தோன்றாமல் போகலாம்.

இத்தடையின் வலிமையை உலகம் 2017இல் கண்டது. போட்டோபக்கெட் என்னும் நிறுவனத்தில் பலர் பல்லாண்டுகளாகப் படங்களைச் சேர்த்து, அவற்றை அயற்பக்கங்களில் காட்டி வந்தனர். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் நிறுவனம் தன் விதிகளை மாற்றி, இவ்வுரிமைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 400 டாலர் கட்டணம் கேட்டது. பழைய ஊர்தியைச் செப்பனிடும் முறையையும் மரவேலை நுட்பத்தையும் படிப்படியாக விளக்கிய பக்கங்களில், படங்கள் நீங்கிக் கட்டண அறிவிப்பே நின்றது. “கீழுள்ள படத்தில் காண்க” என்னும் சொற்கள் மட்டும் எஞ்சின. மறு ஆண்டு நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் பல படங்களை மீண்டும் தோன்றச் செய்தது. அதற்குள் பலர் தம் படங்களை வேறிடங்களுக்குக் கொண்டு சென்று, ஒவ்வொரு பக்கமாக முகவரியைத் திருத்திக்கொண்டிருந்தனர். எழுதியவர் மறைந்துவிட்ட பக்கங்களில் அவ்வாறு திருத்துவதற்கு ஆளில்லை.