வாக்கெடுப்பு நிலையத்தின் உள்ளே



தேர்தல் என்றதும் நம் நினைவுக்கு வருவன மேடைகளும் ஒலிபெருக்கிகளும் மதில்களில் ஒட்டிய படங்களுமே. அந்த ஆரவாரமெல்லாம் ஓய்ந்த பின்னர், வாக்கெடுப்புக்கு முந்திய நாட் பிற்பகலில், ஊர்ப் பாடசாலையொன்றின் வாயிலிலே வண்டி ஒன்று வந்து நிற்கின்றது. அதிலிருந்து சிலர் இறங்குகின்றனர். ஒருவர் ஆசிரியர், ஒருவர் பிரதேச செயலகத்து இலிகிதர், இன்னொருவர் தபாற் கந்தோரிலே கடமை புரிபவர். அவர்களுட் பலர் ஒருவரையொருவர் முன்னர் கண்டதுமில்லை. வாக்குப்பெட்டியும், இடாப்பும், சீட்டுக் கட்டுகளும், மை, நூல், அரக்கு முதலிய சிறு பொருள்களும் அவர்களுடன் வந்திறங்குகின்றன. மறுநாள் மாலை வரையில் அம் மண்டபம் அவர்களுடைய பொறுப்பு. அவர்களுக்குத் தலைவராக வருபவரைச் சிரேட்ட தலைமை தாங்கும் அலுவலர் என்பர். அவருடைய வேலை யாது, அதிலே தவறு நேர்ந்தால் நட்டம் யாருக்கு என்பதையே இன்று சொல்ல விரும்புகின்றேன்.

2024ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆந் திகதி நடைபெற்ற சனாதிபதித் தேர்தலிலே, ஏறக்குறைய 1 கோடி 71 இலட்சம் வாக்காளருக்காக 13,000இற்கு மேற்பட்ட நிலையங்கள் அமைக்கப்பட்டன. எனவே, ஒரே காலைப்பொழுதில் அத்தனை தலைவர்கள் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முற்காலத்தில் இந்த நெருக்கடி இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் ஓகத்து மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை பல நாட்களில் நடைபெற்றது. 1952இல் நான்கு நாட்கள். 1956இல் மூன்று நாட்கள். 1960 மார்ச்சு 19ஆந் திகதியே நாடு முழுவதும் ஒரே நாளில் வாக்களித்தது. ஒரு பகுதியின் முடிவைக் கேட்டுவிட்டு மறு பகுதியார் வாக்களிக்கும் குறை அத்துடன் நீங்கிற்று. ஆனால், ஓரிடத்தில் வேலை முடித்தவரை அடுத்த இடத்துக்கு அனுப்பும் வசதியும் அத்துடனே போயிற்று. இதன் பயனாகத்தான் தேர்தலொன்றிலே அரச ஊழியர் இத்துணைப் பெருந்தொகையினர் ஈடுபட வேண்டியுள்ளது. அவர்கள் தம் சொந்த வாக்கைச் சில நாட்களுக்கு முன்னரே தபால் மூலம் அளித்துவிடுகின்றனர்.

மண்டபத்தை ஒழுங்கு செய்வது அற்ப காரியம் என்று எண்ணுபவர் மறுநாட் காலை வருந்துவர். வாக்காளர் ஒரு வாயிலால் வந்து மறு வாயிலாற் போதல் நன்று. ஒரே வாயில்தான் உண்டென்றால், வாங்குகளை வரிசையாக இட்டு இரு வழிகளாகப் பிரிக்கலாம். வருபவரும் போகின்றவரும் ஒருவரையொருவர் குறுக்கிட்டால், யாருக்குச் சீட்டுக் கொடுத்தோம், யார் பெட்டியிலே போட்டார் என்பது அலுவலருக்குத் தெரியாமற் போய்விடும். சுவர்களையும் பார்க்கவேண்டும். பாடசாலைச் சுவரிலே யானையும் பூவும் விளக்கும் பிள்ளைகள் வரைந்த படங்களாய்த் தொங்குவது வழக்கம். அவற்றுள் ஏதேனும் கட்சியொன்றின் சின்னமாக இருந்துவிட்டால் முகவர்களுக்குள்ளே வாக்குவாதம் மூளும். முதல் நாளே கழற்றி அலுமாரியில் வைத்துவிடுவது புத்தி.

எல்லாவற்றிலும் முக்கியமானது மறைவிடம். வாக்காளர் சீட்டிலே அடையாளம் இடும் இடம் எவருடைய கண்ணுக்கும் படலாகாது. வாக்குப்பெட்டியோ எல்லாருடைய கண்ணுக்கும் படவேண்டும். இந்த இரண்டையும் ஒரே அறையில் அமைப்பதிலேதான் தலைமை அலுவலரின் திறமை இருக்கின்றது. மறைவிடத்தின் பின்னே சாளரம் இருந்தால் அதனை அடைக்கவேண்டும். மற்றும்படி நிலையத்திலே நடப்பது யாவும் பலர் காண நடைபெறுவது. அந்த ஒன்றே ஒருவரும் காணாமல் நடைபெறுவது.

இந்த அமைப்பு நம் நாட்டிலே தொடக்கத்தில் இருந்ததன்று. 1931இல் சருவசன வாக்குரிமை கிடைத்தபோது, எழுத்தறியாதாரை எண்ணி, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறப் பெட்டி வைக்கப்பட்டது. (அந்த 1931ஆம் ஆண்டுத் தேர்தலை யாழ்ப்பாணக் குடாநாடு பகிட்கரித்தமையால், அங்குள்ள நான்கு தொகுதியாரும் 1934ஆம் ஆண்டு இடைத் தேர்தலிலேதான் இந்த உரிமையைக் கையாண்டனர்.) சீட்டிலே எதுவும் எழுதவேண்டியதில்லை, விரும்பியவருடைய நிறப் பெட்டியிலே போட்டாற் போதும். கேட்பதற்கு எளிய முறை. ஆனால், எந்தப் பெட்டியிற் போடுகின்றார் என்பது இரகசியமாதலால் பெட்டிகளும் திரைக்குப் பின்னேயே இருக்கவேண்டியதாயிற்று. உள்ளே போனவர் சீட்டைப் போட்டாரா, மடியிலே செருகிக்கொண்டு வந்தாரா என்பதை அலுவலர் அறிய வழியில்லை. அவ்வாறு வெளியே வந்த சீட்டுக்கு விலை பேசலாம்; வாங்கியவர் அவற்றைச் சேர்த்து நம்பிக்கையான ஒருவர் கையிலே கொடுத்து, ஒருமிக்கப் போடுவிக்கலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே நிறப் பெட்டிகள் போய், சின்னங்கள் அச்சிட்ட சீட்டும் ஒரே பெட்டியும் வந்தன. அடையாளமிடுவது திரைக்குப் பின்னே நின்றது. பெட்டி திரையை விட்டு மேசைக்கு வந்தது. மாற்றம் அவ்வளவே. ஆயினும் பெரிய மாற்றம். சீட்டிலே இடும் அடையாளத்துக்கு நம் மக்கள் புள்ளடி என்று பெயர் வைத்தனர். பறவையின் காலடி மணலிலே பதிந்தாற் போன்ற குறி என்பது பொருள். சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்கு இவ்வளவு நல்ல சொல் தோன்றியிராது.

வாக்கெடுப்பு நாட் காலை ஏழு மணிக்குத் தொடங்கும். முடியும் நேரம் மாறுவதுண்டு. 2019இலும் 2020இலும் மாலை ஐந்து மணி, 2024இல் நான்கு மணி. தொடங்குமுன் தலைமை அலுவலர் வாக்குப்பெட்டியைத் திறந்து, அது வெறுமையானது என்பதை அங்குள்ள முகவர்களுக்குக் காட்டிப் பின்னர் மூடி முத்திரையிடுகின்றார். இது வெறுஞ் சடங்கன்று. மாலையிலே பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு சீட்டும் அன்று அந்த மண்டபத்திலே போடப்பட்டதுதான் என்று சொல்வதற்கு, காலையில் அதன் அடியைக் கண்ட சாட்சி வேண்டும். நேரம் பிந்திய முகவருக்காகக் காத்திருத்தல் கூடாது. குறித்த நேரத்திலே வாக்கெடுப்பைத் தொடங்க இயலாமற் போவதோ, இடையிலே நின்றுபோவதோ பாரதூரமான விடயம். உடனே தெரிவத்தாட்சி அலுவலருக்கு அறிவிக்கப்படவேண்டியது.

வாக்காளர் வந்ததும் அவருடைய அடையாள அட்டை பார்க்கப்படுகின்றது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் ஆளடையாளத்தை நிரூபிப்பது கட்டாயமாயிற்று. இடாப்பை வைத்திருப்பவர் இலக்கத்தையும் பெயரையும் உரத்து வாசிக்கின்றார். ஏன் உரத்து? முகவர்கள் கேட்கவேண்டும் என்பதற்காக. ஆள் மாறாட்டம் என்று ஐயுறுபவர் அந்த வேளையிலேயே சொல்லவேண்டும். சீட்டுப் பெட்டிக்குள் விழுந்த பின் சொல்லிப் பயனில்லை. அடுத்து விரலிலே மை. வழக்கமாக இடது கையில் ஒரு விரல். தேர்தல்கள் அடுத்தடுத்து வருமாயின் வேறு விரல்.

பின்னர் சீட்டு. இங்கே சற்று நின்று சொல்லவேண்டும். சீட்டைக் கொடுக்குமுன் அதிலே அதிகார முத்திரை இடப்படல் வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு எண்ணும் இடத்திலே நிராகரிக்கப்படும். வாக்காளர் மூன்று கட்டை நடந்து வந்து, வெயிலிலே வரிசையில் நின்று, ஐயந்திரிபறப் புள்ளடியிட்டிருப்பார். குற்றம் அவருடையதன்று, இழப்பு மாத்திரம் அவருடையது. தம் வாக்கு எண்ணப்படவில்லை என்பதை அவர் ஒருநாளும் அறியப்போவதுமில்லை. இத் தவறு எப்போது நேருகின்றது? காலை ஒன்பது, பத்து மணிக்கு வரிசை வாயிலைத் தாண்டி நீளும்போது. முத்திரையிடுபவர் அயலிலுள்ளவரோடு ஒரு வார்த்தை பேசும்போது. சிலர் இதற்கு மருந்தாக, சீட்டுக்களுக்கு முன்கூட்டியே முத்திரையிட்டு அடுக்கி வைப்போம் என்பர். அது நோயினும் பொல்லாத மருந்து. முத்திரையிட்ட வெற்றுச் சீட்டுக் கட்டொன்று மேசையிலே கிடப்பது பணக்கட்டு ஒன்று கிடப்பதற்குச் சமம். ஒருவரை அந்த வேலைக்கென்றே அமர்த்தி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவதே தக்க வழி. நேயர்களும் சீட்டைக் கையிலே வாங்கியவுடன் முத்திரை இருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளலாம். இல்லையாயின் அங்கேயே கேட்கலாம். அதற்கு எந்த அலுவலரும் சினங்கொள்ள நியாயமில்லை.

இன்னொரு துன்பமும் உண்டு. முதியவர் ஒருவர் வருகின்றார். பெயரை வாசிக்கின்றனர். பார்த்தால், இடாப்பிலே அந்தப் பெயருக்கு நேரே முன்னரே கோடு இடப்பட்டிருக்கின்றது. வேறொருவர் அவர் பெயரிலே வாக்களித்திருக்கலாம். அல்லது, ஒரே வீட்டிலே தந்தைக்கும் மகனுக்கும் முதலெழுத்துக்கள் ஒத்திருக்க, இலிகிதரின் கை ஒரு வரி தவறியிருக்கலாம். இரண்டாவது காரணம் நாம் நினைப்பதினும் அதிகமாக நேரக்கூடியது. ஆகையால் வரியின் கீழே அடிமட்டத்தை வைத்துக் கோடிடுவதே ஒழுங்கு. முதியவரை, “ஐயா, உங்கள் வாக்குப் போடப்பட்டுவிட்டது, போங்கள்” என்று அனுப்புவது தவறு. அவர் உறுதிமொழி கொடுத்தால் அவருக்கும் சீட்டு உண்டு. ஆனால் அந்தச் சீட்டுப் பெட்டிக்குள் போகாது. அவருடைய பெயரும் இலக்கமும் குறிக்கப்பட்டுத் தனி உறையிலே வைக்கப்படும். வழமையான எண்ணிக்கையிலும் சேராது. பின்னர் வழக்கொன்று எழுந்தால் ஆராய்வதற்கு அது இருக்கும். இதனை அவருக்கு அமைதியாக விளக்கிச் சொல்லவேண்டும். அவருக்கு அது பூரண நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் தாம் வந்தார் என்பதற்கு எழுத்திலே ஓர் அத்தாட்சி கிடைக்கின்றது.

கண் தெரியாதார், கை நடுங்குவோர் முன்னாளிலே தலைமை அலுவலரிடம் தம் விருப்பத்தைச் சொல்லி அவர் கையால் அடையாளமிடுவிக்க வேண்டியிருந்தது. 2011ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், அவர்கள் தம் நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணையாக அழைத்துவர வழி செய்தது. தன் மனத்தை அரசாங்க உத்தியோகத்தரிடம் வெளியிடக் கூசுபவருக்கு இது பெரிய ஆறுதல்.

ஊழியரை நடத்தும் முறையைப் பற்றியும் ஒன்றிரண்டு சொல்லவேண்டும். மதிய உணவுக்கென்று நிலையத்தை மூட முடியாது. ஒருவர் எழுந்தால் மற்றவர் அந்தக் கதிரையிலே அமர்ந்த பின்னரே அவர் போகலாம். தலைமை அலுவலர் எழும்போது கனிட்ட அலுவலர் பொறுப்பேற்கவேண்டும். எந்த முகவர் தேநீர் அனுப்பினாலும் நன்றி கூறித் திருப்பிவிடுவதே முறை. ஒரு வடைக்காகப் பக்கஞ் சாய்ந்தார் என்ற பெயர் வாங்கியவர் மாலைவரை எதைச் சொன்னாலும் எடுபடாது. இரு மொழி பேசுவோர் கலந்து வாழும் பகுதியிலே, வருபவரின் மொழியைப் பேசவல்ல ஒருவரையாவது முன் மேசையில் இருத்துதல் அவசியம். தோட்டப்புறத்து அம்மா ஒருவர் தமக்கு விளங்காத மொழியிலே அதட்டப்பட்டால், அடுத்த தேர்தலுக்கு அவர் வரமாட்டார்.

பயிற்சி பெற்றவரே அந்தக் கதிரையில் இருக்கவேண்டும் என்பதற்கு நம் வரலாற்றிலே கசப்பான சான்று உண்டு. 1981 யூன் 4ஆந் திகதி யாழ்ப்பாண மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது, ஆயத்தமாக இருந்த தலைமை அலுவலர்கள் பலருக்குப் பதிலாக இறுதி வேளையிலே வேறு ஆட்கள் புகுத்தப்பட்டனர். வாக்குப்பெட்டிகள் சில எண்ணும் இடம் வந்து சேரவேயில்லை. அப் பெட்டிகளில் இருந்த வாக்குகளை அளித்தவர்கள் தம் கடமையிலே எந்தக் குறையும் வைக்கவில்லை.

வாக்கெடுப்பு முடிந்ததும் கணக்கு. உதாரணமாக, 1,000 சீட்டுக்கள் கொண்டுவரப்பட்டன என்று கொள்வோம். மீதி 285. ஆகவே கொடுக்கப்பட்டவை 715. அவற்றுள் தவறுதலாகப் பழுதாக்கித் திருப்பித் தந்து வேறு சீட்டுப் பெற்றவை 3. எனவே பெட்டிக்குள் 712 இருத்தல் வேண்டும். எண்ணும்போது 711 இருந்தால், ஒருவர் சீட்டைப் பையிலே கொண்டுபோயிருக்கலாம் என்று ஊகிக்கலாம். 713 இருந்தாலோ, தலைமை அலுவலருக்கு நித்திரை வராது. இந்தக் கணக்கை எழுதி, மீதிச் சீட்டு, பழுதான சீட்டு, கோடிட்ட இடாப்பு ஆகியவற்றை வெவ்வேறு பொதிகளாகக் கட்டி முத்திரையிடவேண்டும். பெட்டியின் வாயும் முத்திரையிட்டு அடைக்கப்படும். விரும்பும் முகவர்கள் தம் முத்திரையையும் வைக்கலாம். களைப்பு மிகுந்த நேரத்தில் செய்யவேண்டிய வேலை இது. பகல் முழுவதும் பிழையின்றி நடத்தியவர்கள் இந்த ஒரு மணி நேரத்திலே இலக்கங்களை மாற்றி எழுதிவிடுவதுண்டு. ஒருவர் எழுத மற்றொருவர் மீண்டும் கூட்டிப் பார்ப்பது நன்று.

பின்னர் பொலிசாரின் காவலோடு பெட்டி புறப்படுகின்றது. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் கடமை செய்தவர்களுக்குத் தரை வழி இல்லை. கடலைக் கடந்துதான் யாழ்ப்பாணத்து எண்ணும் நிலையத்தை அடையவேண்டும். அங்கேயும் ஒரு வரிசை. இம்முறை வரிசையில் நிற்பவர்கள் தலைமை அலுவலர்கள். முறை வந்ததும் பெட்டியின் இலக்கமும் முத்திரைகளும் சரிபார்க்கப்படுகின்றன. பொதிகள் ஒவ்வொன்றாக எண்ணப்படுகின்றன. சரியாயின் பற்றுச்சீட்டு ஒன்று எழுதிக் கொடுக்கப்படுகின்றது. அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பின்னரே அவர், வீட்டுக்குப் போக இன்னும் வண்டி இருக்கின்றதா என்று விசாரிக்கின்றார்.